பால்காரன் மேட்டில் என் வண்டி ஏறிய விதம்

நியாஹுருரு,
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த (அறிவு கொஞ்சம் வழிந்தே ஓடுகிற) என் தம்பி முச்சோக்கிக்கு,

உன் அண்ணன் வாஹோமே ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி முகுரேயும் சுகம். மாடுகள் சுகம். உன் அண்ணன் மகன் இருங்கு சுகத்துக்கும் மேலே ஒரு படி. அதற்குக் காரணம் கீழே வருகிறது. வண்டி பரம சுகம். நைரோபியில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் முழங்கால் வலிக்காகவும் தனியே ஒரு ஜெபம் செய்திருக்கிறேன். ஏனென்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீ ஓர் ஆட்டுக்கடாவை இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு நடந்து வர வேண்டியிருக்கும்.

இதை போனில் சொல்லலாமே என்பாய். போனில் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "அண்ணே, லிப்ட்டுல இருக்கேன், கட்டாகுது" என்பாய். உன் ஆபீஸ் தரைத்தளத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதி, நைரோபி வண்டி டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுத்து கட்டாகாது.

முதலில் நீ சொன்னதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். போன கிறிஸ்துமஸ் அன்று, நான் பதினெட்டு வயதான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கப்போகிறேன் என்றதும், கையில் இருந்த எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து நின்றாயே, அது மறந்திருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவன் நீ. அதனால் உனக்கு எல்லா வண்டியும் அடிபட்ட வண்டியாகவே தெரிகிறது. அது உன் தொழிலின் கோளாறு, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என்ன பேச்சு பேசினாய்! "அண்ணே, நாலு சக்கரம் இழுக்குற பழைய வண்டின்னா, கெட்டுப்போறதுக்கு ரெண்டு மடங்கு சாமான் இருக்குன்னு அர்த்தம். நடுவுல ஒரு கியர்பெட்டி, பின்னாடி ஒரு கியர்பெட்டி, இதுக்கும் அதுக்கும் நீளமா ஒரு ஷாப்ட். ஒன்னு முனகினா இன்னொன்னு அழும். பெட்ரோல மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கும். முன் சக்கரம் மட்டும் இழுக்குற சின்ன வண்டி ஒன்ன வாங்கி, நல்ல டயரா நாலு போடு. அது போதும்." இத்தனை பேர் நடுவில், என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். அதோடு விட்டாயா? "இந்த வண்டி கினங்கோப் பால்காரன் மேட்ட ஏறிட்டா, நானே ஒரு ஆட்டுக்கடாவோட வந்து உன் வாசல்ல நின்னு தப்புன்னு சொல்றேன்" என்றாய். உன் அண்ணி சாட்சி. கத்தோகோ சித்தப்பா சாட்சி. அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், ஆனாலும் சாட்சி.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, தம்பி. பால் சங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு வயதான மாட்டை எப்படிப் பார்ப்பது என்று தெரியும். வண்டியையும் அப்படியே பார்த்தேன். மெக்கானிக் கிமோத்தோவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. எண்ணெயைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். பிறகு தேவாலய மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வட்டமடித்தான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி அப்படி வட்டமடிக்கும்போது நடுவில் இருக்கிற பெட்டி தேய்ந்திருந்தால் முனகுமாம், குலுங்குமாம். இது முனகவே இல்லை. கிமோத்தோ வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா, பதினெட்டு வருஷ வண்டி இவ்வளவு சத்தமில்லாம திரும்பி நான் பாத்ததே இல்ல. இது நாலு சக்கர வண்டிங்கற நெனப்பே வரல" என்றான். அடியிலும் குனிந்து பார்த்தான். அடி முழுக்கச் சேறு அப்பியிருந்ததால் சேறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தான். வாங்கிய பிறகு பார்த்தால் பெட்ரோலும் நீ பயமுறுத்திய அளவுக்கு ஆகவில்லை. முன் சக்கர வண்டிக்கு ஆகிற பெட்ரோல்தான் ஆகிறது! இது எப்படி என்று உன் ஆபீஸில் கேட்டுச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருங்குவுக்கு வமைத்தாவைப் பெண் கேட்டு நாம் ஏற்கெனவே இரண்டு தடவை கிளம்பித் திரும்பியது உனக்குத் தெரியும். முதல் தடவை உன் உயரமான வண்டி, அந்தப் பின் சக்கரம் தள்ளுகிற மகாராஜா, பால்காரன் மேட்டின் அடியிலேயே படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை வாடகை வேன். அது மேட்டைப் பார்த்ததுமே நின்றுவிட்டது. இந்தத் தடவை பெண்ணின் அப்பா கிதாஹி ஆள்விட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்தா வாங்க. மழைக்குப் பயந்துக்கிட்டு திரும்பத் திரும்ப ஓடுற குடும்பத்துக்கு எம் பொண்ண எப்படிக் குடுக்கிறது? நைவாஷாவுல இருந்து இன்னொரு எடம் கேட்டுட்டே இருக்காங்க." இருங்கு அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீ என்ன செய்தாய்? "காஞ்ச ரோடா இருந்தா கூப்பிடு" என்றாய். மே மாதக் கினங்கோப்பில் காய்ந்த ரோடு!

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நான் ஓட்ட, உன் அண்ணி பக்கத்தில், பின்சீட்டில் நம் சார்பில் பேசுவதற்குக் கத்தோகோ சித்தப்பா, மடியில் முராத்தினாக் கள்ளுக் குடுவை, அவருக்கு அந்தப் பக்கம் கோட்டும் டையுமாக இருங்கு, டிக்கியில் பரிசமாகக் கொழுத்த ஆட்டுக்கடா. வழியெல்லாம் மழை. வண்டி அன்னம் மாதிரி போனது. மேட்டின் அடியில் வந்து பார்த்தால் இரண்டு லாரிகளும் ஒரு டிராக்டரும் கைவிட்ட கோலத்தில் நிற்கின்றன. நான் உன் முகத்தை நினைத்துக்கொண்டு மிதித்தேன். பாதி மேடு ஏறியது தம்பி, சத்தியமாகப் பாதி மேடு. அப்புறம் முன் சக்கரம் சுற்றுகிறது, சேறு பறக்கிறது, வண்டி நகரவில்லை. மெல்லப் பின்னால் வழுக்கி, லாரிகளுக்கும் கீழே வந்து, நடுரோட்டில் தானே அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்று அதுவே சொன்ன மாதிரி இருந்தது. கண்ணாடியில் இருங்குவைப் பார்த்தேன். அவன் டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். வண்டி போனால் போகட்டும், உன் கேலியும் இருக்கட்டும், என் பிடிவாதத்தால் பிள்ளை வாழ்க்கை போய்விட்டதே என்று இருந்தது. அழுதுவிட்டேன் என்று உன் அண்ணி எழுதச் சொல்கிறாள். அது மழைத்தண்ணீர்.

அப்போது உன் அண்ணி, "ஏங்க, வண்டிதான் இப்படித் திரும்பிடுச்சே. அப்படியே பின்னாலயே போங்க" என்றாள்.

"ஏறுற மேட்ட யாராவது பின்னால ஓட்டிப் போவாங்களா?"

"முன்னால போய் என்ன கிழிச்சீங்க?"

ரிவர்ஸ் போட்டேன். நம்பமாட்டாய், ஏறியது! மெதுவாக, உறுமிக்கொண்டு, ஏறியது. நாலு சக்கரமும் அப்போதுதான் தூக்கம் கலைந்து எழுந்திருக்க வேண்டும். ஆனால் பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஆட்டுக்கடா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தோகோ சித்தப்பா திரும்பி முழங்காலில் நின்று, கடாவின் தலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வழி சொன்னார்.

"எடது! எடது!"

"உங்க எடதா, என் எடதா சித்தப்பா?"

"கடாவோட எடது!"

அப்படியே லாரியைத் தாண்டி, டிராக்டரைத் தாண்டி, அங்கே நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்க்க, முதுகைக் காட்டிக்கொண்டு கிதாஹி வீட்டு வாசலில் போய் நின்றோம். மணி பன்னிரண்டு அடிக்கவில்லை. பெண் கேட்டு வருகிறவர்களை வாசலில் காக்கவைக்கிற வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்கள், இதைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி, நாக்கு அரிவாள், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருங்க இது? பொண்ணு கேக்க வந்தவங்களா, கேட்டுட்டுத் திரும்பிப் போறவங்களா? பொண்ணு வீட்டுக்கு முதுகக் காட்டுனா என்ன அபராதம்னு தெரியுமா?" என்றாள். நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஆனால் கத்தோகோ சித்தப்பா இருக்கிறாரே, சபையில் தூங்குகிறவர்தான், விழித்தால் வேறு ஆள். வண்டியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, சொன்னார்:

"தாயே, இது எங்க வம்சத்து மரியாத. பொண்ணு கேக்க வர்றவன் கதவு தொறக்குற வரைக்கும் மூஞ்சியக் காட்டக் கூடாது. மொதல்ல எங்க கடா உங்களக் கும்பிடும். அப்புறம்தான் நாங்க."

கடாவும் சரியான நேரத்தில் கண்ணாடியில் மூக்கை வைத்துக் கத்தியது. உள்ளே ஒரே சிரிப்பு. கதவு திறந்தது. கிதாஹியே வந்து என் கையைப் பிடித்து, "எத்தனையோ சம்பந்தம் பாத்திருக்கேன், இவ்வளவு பணிவு பாத்ததில்ல" என்றார். மாப்பிள்ளைக்குச் சோதனையாகப் போர்வைக்குள் மறைத்து நிறுத்தியிருந்த பெண்களில் வமைத்தாவை இருங்கு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்த போர்வை அவளுடையதுதான். முகிமோ கிழங்கு மசியலும் வறுத்த கறியும் போட்டார்கள். பேச்சு முடிந்தது. நவம்பரில் கல்யாணம். அந்த அத்தை மட்டும் விடவில்லை. "கல்யாணத்துக்கும் இப்படித்தான வருவீங்க?" என்றாள். "வேற எப்படி வருவோம்?" என்றார் சித்தப்பா. உடனே கிதாஹி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், நம் வம்சத்து வண்டி எதுவாவது முன்பக்கம் காட்டி வந்தால் வண்டிக்கு ஒரு கடா அபராதம் என்று.

ஆகவே தம்பி, வயதான நாலு சக்கர வண்டி நம்பத் தகுந்ததா என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வந்து, என் வாசலில் நின்று, சத்தமாக, அக்கம்பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போ. கடா கொழுத்ததாக இருக்கட்டும். உன் ஆபீஸிலும் சொல். அந்த ஷாப்ட், நீ முனகும் என்றாயே அந்த ஷாப்ட், அதைப் போட்டோ பிடித்து இத்துடன் வைக்கிறேன். உன் மேசையில் சட்டம் போட்டு வைத்துக்கொள். உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் முழங்காலையும் கர்வத்தையும் ஒருசேரக் குணப்படுத்துவாராக.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற அண்ணன்,
வாஹோமே

பின்குறிப்பு: போட்டோ வைக்கவில்லை. எடுப்பதற்காக அடியில் படுத்துச் சேற்றையெல்லாம் கழுவினேன். ஷாப்ட் இல்லை. முன்னாலிருந்து பின்னால் வரை ஒன்றுமே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டை வைத்து நாலு போல்ட் போட்டு மூடியிருக்கிறது. கிமோத்தோவைக் கூப்பிட்டேன். அவன் படுத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "முன்ன வெச்சிருந்தவரு பெட்ரோல் மிச்சமாகட்டும்னு கழட்டி வித்திருப்பாரு போல ஐயா" என்றான். முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறதாம், வாங்கிய நாளிலிருந்தே. அதனால்தான் முனகவில்லையாம், அதனால்தான் பெட்ரோலும் ஆகவில்லையாம். பின்பக்கமாக ஏறும்போது பாரமெல்லாம் கீழ்ப்பக்கம் இருக்கிற முன் சக்கரத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம், அதனால்தான் ஏறியதாம். ஆக நான் வாங்கியது என் வண்டி இல்லை, நீ வாங்கச் சொன்ன வண்டி. டயரும் நல்ல டயர்தான். உன் அண்ணி எனக்குத் தெரியாமல் புதுசாக மாற்றி வைத்திருந்தாள். ஷாப்ட் ஒன்று வாங்கிப் போடலாம் என்றேன். "ஏறுற வண்டியக் கெடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

கடாவை நான் கொண்டு வருகிறேன். உன் வாசலில் நின்று சொல்லவும் சொல்கிறேன், ஆனால் மெதுவாக. நீ மட்டும் ஒன்றை யோசித்துக்கொள். நவம்பரிலும் மழை உண்டு. நம் ஆட்கள் எல்லோரும் பால்காரன் மேட்டில் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். பின் சக்கரம் தள்ளுகிற உன் மகாராஜா பின்பக்கமாக ஓர் அடி ஏறாது என்கிறான் கிமோத்தோ. கவலைப்படாதே. என் வண்டியில் உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், டிக்கியில், கடாவுக்குப் பக்கத்தில்.