சாகாதவர் வீட்டுக்குப் போன உருளைக்கிழங்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த வெர்னா அக்காவுக்கு,

உன் தம்பி மெரில் அரிசோனாவிலிருந்து எழுதுவது. நாங்கள் சுகம். உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மனைவி ஆஃப்டனுக்கு முழங்கால்தான் சரியில்லை. நாங்கள் இருக்கும் மகள் வீட்டு மாடியறைக்குப் பதினான்கு படி. அவள் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

முதியோர் குடியிருப்பில் படியில்லாத வீட்டுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் பேர் கொடுத்தோமே, சில மாதங்களுக்கு முன் வரிசையில் முதல் ஆளாகிவிட்டோம். ஆனால் அங்கே யாராவது கண்ணை மூடினால்தான் வீடு காலியாகும், அவர்களோ காலையில் எழுந்து நீச்சலடிக்கிறார்கள். அப்படியிருக்க, குடியிருப்பு அலுவலகத்து கோனி போன் பண்ணி, "குளத்துப் பக்கத்து வெண்டல் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கு, தயாரா இருங்க" என்றாள். ஆஃப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கித் தூவி அடுப்பில் வைத்துவிட்டாள். நம் சபை ஆட்கள் அதைத் துக்க வீட்டுக்குத்தானே கொண்டுபோவார்கள்! நான் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். வெண்டலே திறந்தார். எண்பத்தெட்டு வயது, அரைக்கால் சட்டை. ஆம்புலன்ஸ் வந்தது தசைப்பிடிப்புக்காம். பாத்திரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"யாரு தம்பி செத்தது?"

"இன்னும்... யாரும் இல்லீங்க."

"அப்ப உள்ள வாங்க, ஆறிடப் போகுது. தன் சாவுச் சாப்பாட்டைத் தானே சாப்பிடற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

இரண்டு தட்டு சாப்பிட்டார். வெட்கத்தில் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது நம் அம்மா பாத்திரம், அடியில் அவள் பேர் ஒட்டியது, திரும்பப் போகவேண்டியதாயிற்று. கழுவி, தன் மரத்து எலுமிச்சம்பழத்தை நிரப்பித் தந்தார். அதில் ஆஃப்டன் கேக் செய்து அனுப்பினாள். இப்படிப் பாத்திரம் வாராவாரம் போய்வந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை வெண்டல் இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன செவ்வாய் அவர் குளியலறையில் விழுந்தார். தனியாக இருக்கக்கூடாது, பராமரிப்பு இல்லத்துக்குப் போகட்டும் என்று மகன் சொல்லிவிட்டான். உடனே கோனி, "வெள்ளிக்குள்ள சரின்னு சொல்லுங்க. வேண்டாம்னா வரிசையில கடைசி, இருநூத்திப் பன்னிரண்டாவது ஆளு" என்றாள். வெண்டலோ, "நீங்க வந்தா சந்தோஷம் தம்பி. வாத்துக்கு மட்டும் தீனி போட்டுடுங்க" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வருமா? ஆஃப்டனிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டு வந்து நின்றேன். நான்காவது படியில் உட்கார்ந்திருந்தவள், "வேண்டாம்னுட்டீங்கதானே? இல்லாட்டி நானே போய்ச் சொல்லியிருப்பேன்" என்றாள். ஐம்பது வருஷம் ஆகியும் இவளை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது அக்கா.

ஆகவே அந்தக் குடியிருப்புப் பேச்சையே இனி எடுக்காதே. எங்களுக்கு இந்த மாடிதான். ஆண்டவர் உன்னையும் உன் இடுப்பையும் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
மெரில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வெண்டல் போன் பண்ணினார். "துணைக்கு ஆள் இருந்தா என் மகன் என்னை அசைக்க முடியாது. பின்னறை ஒன்பது வருஷமா சும்மா கிடக்கு. ஏழு வருஷம் வரிசையில நின்னதுக்கு ஒரு நாள் வந்து கேட்டிருக்கலாமே தம்பி!" சனிக்கிழமை குடிபோகிறோம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. முதல் சாப்பாட்டுக்கு அவருக்கு அந்த உருளைக்கிழங்குதான் வேண்டுமாம். வாசனை பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் கறுப்புக் கோட்டோடு வந்து நிற்காமல் இருக்க வேண்டும்.