‘ஏதாவது’ என்று பெயர் வைத்த ஸ்பீக்கர்

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமாவின் ஆசிகள். இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பல் பிடுங்குகிற பிழைப்பே போய்விட்ட அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன தடவை வந்தபோது, பாட்டுக் கம்பெனிக்காரன் ஏபிஐ என்று ஒரு வழி திறந்து வைத்திருக்கிறான், அதில் புரோகிராம் எழுதினால் வீட்டு ஸ்பீக்கர், கிளினிக் ஸ்பீக்கர் இரண்டையும் எங்கிருந்தும் ஆட்டிவைக்கலாம் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தீர்கள். போனில் ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லி ‘போடு’ என்றால் அதில் பாட்டு வரும். வீட்டில் இருப்பதற்கு ‘சமையல்’ என்று பெயர் வைத்தீர்கள். “கிளினிக்ல இருக்கறதுக்கு என்ன பேரு வைக்கட்டும் மாமா?” என்று நீங்கள் கேட்ட நேரம் நான் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தேன். “ஏதாவது வைங்க மாப்பிள்ளை” என்றேன். நீங்களும் அட்சரம் பிசகாமல் ‘ஏதாவது’ என்றே வைத்துவிட்டீர்களே, ஐயோ!

இன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தது யார் தெரியுமா? கட்டட முதலாளி! “இனி ஒரு சத்தம் மாடிக்குக் கேட்டாலும் கிளினிக்கைக் காலி பண்ணிடுங்க டாக்டர்” என்று போன வாரம் சொன்ன அதே மனிதர், கடைவாய்ப்பல் வலி தாங்காமல் வந்திருந்தார். பயத்தில் வாயையே திறக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடித் திறக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் பல்லைப் பிடிச்சேன். அந்த நேரம் பார்த்து வீட்ல உங்க அத்தை போனை எடுத்து “ஏதாவது போடு”ன்னிருக்கா. பாட்டு இங்க ஆரம்பிச்சுது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சமையலறையில ஒண்ணும் கேக்கலியேன்னு “ஏதாவது சத்தமா போடு”ங்கறா, இங்க மேளம் இடிக்குது. அவளுக்குப் பொறுமை போய் “இன்னும் சத்தமா ஏதாவது போடு”ங்கறா, இங்க ஜன்னல் கண்ணாடி அதிருது. முதலாளி அலறிக்கிட்டு, கழுத்துல கட்டின துணியோட மாடிக்கு ஓடிட்டார். நான் இடுக்கியும் கையுமா நின்னேன். இத்தனை வருஷக் கிளினிக் ஒரே பாட்டுல போச்சே மாப்பிள்ளை! இந்த நாற்காலியை நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?

ஆகவே, இதைக் கண்டதும் அந்தப் புரோகிராமை அடியோடு அழித்துவிடவும். மகளுக்கு என் அன்பைச் சொல்லவும். இருவரும் சொத்தைப்பல் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நிலைகுலைந்த மாமா

பி.கு.: கவரை ஒட்டும்போது முதலாளி இறங்கி வந்தார். “எப்ப பிடுங்குனீங்கன்னே தெரியல டாக்டர், பயப்படக்கூட நேரமில்ல” என்றார். அப்போதுதான் பார்த்தேன், பல் இடுக்கியிலேயே இருக்கிறது! காலி பண்ண வேண்டாமாம். அடுத்த வாரம் தம் சம்சாரத்தை அழைத்து வருகிறாராம். அந்த அம்மாளுக்கு இவரைவிடப் பயமாம். புரோகிராமில் கை வைத்துவிடாதீர்கள். அன்று காலை அத்தைக்குப் போன் செய்து பாட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.