ஒற்றைக் கை கிளவுஸ்காரர்

குளிர் என்பது வலது கைக்கு மட்டும் வருகிற வியாதி என்று நம்பிய மனிதர் கோயமுத்தூரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மெண்டுக்குக் குடிவந்த மார்கழியிலேயே சொந்தப் பெயர் மறைந்து கிளவுஸ்காரர் ஆகிவிட்டார். வலது கையில் சாம்பல் நிறக் கம்பளி கிளவுஸ், இடது கை வெறுங்கை. தலைக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். கை கொடுக்கப் போனால் இடது கையை நீட்டுவார். கீழே பிள்ளையார் கோயிலில் குருக்கள் திருநீறு கொடுத்தபோதும் இடது கைதான் வந்தது. குருக்கள் பாம்பைக் கண்டதுபோல் தட்டை இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி, நெத்தியிலயே பூசி உட்டுருங்க. விரல்ல பட்டா காஞ்சுபோயிருமுங்க" என்றார் கிளவுஸ்காரர்.

முற்றிய கேஸ் என்று வீட்டில் வந்து சொன்னேன். அடுத்த வாரமே அவர் தன் வீட்டுக் கதவோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விரல் வைத்தால் திறக்கிற பூட்டு அது. வெளிநாட்டில் இருக்கும் மகன் மாட்டிவிட்டுப் போனது. விரல் பிடிக்கவில்லை என்றால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வருத்தம் தெரிவிக்கும். இவர் அதனிடம், "பரவால்லீங்க அம்மணி, இன்னொருக்கா பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

விசாரித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் வாழ்நாள் முழுக்கப் பாக்குத் தரம் பிரித்த கை. ரேகை பாதி அங்கேயே தேய்ந்துவிட்டது. பூட்டு ஒப்புக்கொண்டது வலது கட்டைவிரல் ஒன்றைத்தான். காலைக் குளிரில் அதுவும் காய்ந்து சருகாகிவிடும். உள்ளே மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கதவோ சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். செருப்பை இடுக்கில் செருகிவிட்டுப் போகலாம் என்றால், திறந்த வீட்டில் தனியாகக் கிடக்க அந்த அம்மாவுக்குப் பயம். பால் வாங்கக் கீழே போகிற மனிதர் மனைவியிடம் திரும்பிப் போக அந்த ஒரு விரல்தான் வழி.

வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். பூட்டின் கண்ணாடி மங்கியதுதான் மிச்சம். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். அந்தப் பெண் குரல் கணீரென்று ஆனது, கதவு மட்டும் அசையவில்லை. மெக்கானிக் வந்தான், உச்சிவெயிலில். விரல் வைத்தவுடன் கதவு திறந்தது. "நல்லாத்தானேங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். விடியற்காலையில் வா என்றால் அவனுக்கும் குளிருமாம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் பனி இறங்கிய ஒரு காலை. பால் பையோடு நின்ற கிளவுஸ்காரர் விரலை வைத்து வைத்துப் பார்த்ததில், கொஞ்ச நேரத்துக்கு எந்த விரலையும் பார்ப்பதில்லை என்று பூட்டு அணைந்துகொண்டது. வழக்கமாக உள்ளிருந்து அந்த அம்மா ஒரு குரல் கொடுப்பார். அன்று சத்தமே இல்லை.

"அம்மணி, இங்கதான் நிக்கறேன். வந்துபோட்டேன்" என்று கதவில் வாயை வைத்துச் சொன்னார். மறுபடியும் சொன்னார்.

மாடியே கூடிவிட்டது. அவசரத்துக்குச் சாவி கொடுத்திருப்பார்களே என்று கேட்டேன்.

"பீரோவுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கறனுங்க."

சிரிக்க யாருக்கும் வாய் வரவில்லை. கிளவுஸைக் கழற்றி அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். பூட்டுக்கு மறுபடி விளக்கு வந்ததும் நானே அவர் விரலைப் பிடித்து வைத்தேன். திறந்தது.

கட்டிலில் அந்த அம்மா கண் விழித்தார். நல்ல தூக்கம் போலிருக்கிறது. எங்கள் கூட்டத்தைப் பார்த்து, குழறிய குரலில், "ஏனுங்க, இத்தன சனத்தக் கூட்டியாந்துட்டீங்க, காப்பி ஆரு வெக்கறது?" என்றார்.

கிளவுஸ்காரர் அழுதுகொண்டே பால் காய்ச்சினார். அன்றே அந்தச் சாவி என் வீட்டு ஆணிக்கு வந்தது. அதற்கு வேலை வரவில்லை. தை முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்து மகனும் கிளம்பிய பிறகு, எதிர்வீட்டுக் கதவு பகலெல்லாம் விரியத் திறந்தே கிடந்தது. இடுக்கில் ஒரு நாற்காலி. திருடன் வருவான் என்று வாட்ச்மேன் சத்தம் போட்டான். நானும் போய்ச் சொன்னேன்.

"சாத்திட்டுப் போயி ஆருகிட்டங்க திரும்பி வாரது?" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் அவர் பால் வாங்கப் படி இறங்கியதும், நான் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் திரும்புகிற செருப்புச் சத்தம் கேட்டால், "வாங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் கொடுக்கிறேன்.