இன்ஸ்பெக்டர் காட்டிய வழி

விடியற்காலையில், இன்னும் திறக்காத பாரின் வாசலில், பெயின்டர் நாய்ச்சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் விழுந்து கிடந்த பார்தான் அது. நாய் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது. பால் வாங்கப் போன பக்கத்து வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

போச்சு. இனி ஊருக்கே பால் ஊற்றும்போது சேதியும் ஊற்றப்படும்.

குடியை விட்ட பெயின்டரைக் கரைசேர்த்துக்கொண்டிருந்தது இந்த ஓட்டம்தான். நாக்கு ஊறும்போதெல்லாம் ஓடச் சொல்லியிருந்தார் டாக்டர். வியர்க்க விறுவிறுக்க ஓடித் திரும்பினால் குடிக்கத் தோன்றாது, பசிதான் எடுக்கும். மகள் மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மாடியில் குடியிருந்த மனைவியின் அண்ணன்தான் நம்பவில்லை. ஒழுக்கத்துக்கே பாடம் எடுக்கிற ஆள் அவர். ஒரு நாயை வாங்கிவந்து, இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்து, அது கூடப் போனால்தான் ஓட்டம் கணக்கில் சேரும் என்று சட்டம் போட்டார். காலையில் நாய் பெயின்டரோடு ஓடும். சாயங்காலம் அண்ணனே அதைக் காற்றாட அழைத்துப்போவார். மனைவியும் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: மறுபடி பார் என்று காதில் விழுந்தால், மகளோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

மறுநாள் பெயின்டர் வேறு தெருவழியாக ஓடினார். அது குறுக்குவழி என்பது நாய்க்குத் தெரிந்திருந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே பார் வந்துவிட்டது.

அடுத்த நாள் வெறுத்துப்போய், சங்கிலியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினார். பால்காரர் நாயை வீட்டில் ஒப்படைத்தார்.

"பார் வாசல்ல இருந்துச்சும்மா. சார் உள்ள இருப்பாருன்னு கதவைக்கூடத் தட்டிப் பார்த்தேன்."

அண்ணன் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வாயில்லா ஜீவன் பொய் சொல்லாதும்மா."

கடைசி வழியாக, பெயின்டர் நாயைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். பெயின்ட் டின் தூக்கிப் பழகிய தோள்தான். ஆனால் பெயின்ட் டின் முகத்தை நக்காது. கண் தெரியாமல் அவர் தள்ளாடித் தள்ளாடிப் போனதைப் பார்த்த தெரு, மனுஷன் போதையில் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று முடிவுகட்டியது. மூச்சு வாங்க இறக்கிவிட்டதும் நாய் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவரும் பின்னாலேயே ஓடினார்.

பார் வாசலில் அவர் நாயைப் பிடித்த நேரத்துக்கு, தெருவின் சேதி கேட்டு மனைவி அண்ணனோடு வந்து நின்றாள். அண்ணன் ஏனோ பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"இன்னும் என்னங்க சொல்லப் போறீங்க?" அவள் குரல் உடைந்தது.

"ஓடத்தான் வந்தேன். வேணும்னா மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். வியர்வை நாற்றம் மட்டும்தான் வந்தது. அவள் குழம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வியர்வையில போயிடும்மா. வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் அவசரப்படுத்தினார்.

அதற்குள் பாரின் கதவு திறந்தது. சப்ளையர் ஒரு தட்டு நிறைய எலும்போடு வந்து, வாலாட்டிய நாயின் முன் வைத்தார். நிமிர்ந்தவர், நழுவிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், சாயங்காலம்தானே வருவீங்க? அதுக்குள்ள இடம் பிடிக்க நாயை அனுப்பிட்டீங்களா?"