கோட்டையார் கோட்டை விட்டார்

என்னப்பா, எல்லாரும் வீட்டுல ஜெயிச்சுட்டு வந்த மூஞ்சியோட உக்காந்திருக்கீங்க? யாரை ஏமாத்துறீங்க? வாசப்படி தாண்டினதும் மாட்டிக்கிற மூஞ்சிதானே அது! கழட்டி வெச்சுட்டுக் கேளுங்க. உங்களை விடக் கேவலமாத் தோத்த ஒருத்தர் கதை இருக்கு.

மனுஷன் ஒரு கம்பெனியில கணக்கர். பட்டப்பேரு கோட்டையார். வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல கோட்டை பிடிக்கிற கேம் ஒண்ணு வெச்சிருந்தார். ஆபீஸ்ல மேனேஜர் தும்மினாலே எந்திரிச்சு நிக்கிற ஆளு, வீட்டுக்கு வந்தா பத்தாயிரம் படைவீரனை அதட்டுவார்.

அந்தக் கம்ப்யூட்டர், தொப்பை போட்ட மானிட்டரோட, வீட்டுல இருந்த ஒரே பெரிய மேஜையை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அவர் சம்சாரம் தையல் வேலை பாக்குறவங்க. துணியைத் தரையில விரிச்சு, முட்டி போட்டு வெட்டி வெட்டி இடுப்பே போச்சு.

"என்னங்க, புது லேப்டாப்தான் இருக்கே. கேமை அதுல ஆடுங்க. மேஜையை எனக்குக் குடுங்க."

"உனக்குப் புரியாதும்மா. கேம்னா அடியில ஃப்ரேம்வொர்க்னு ஒண்ணு வேணும். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. லேப்டாப்ல இருக்கிறது புது அஸ்திவாரம். நம்ம கேம் பழைய வீடு. நிக்காது."

"நின்னுச்சுன்னா?"

"அன்னைக்கே மேஜை உனக்கு. பழைய பெட்டியை நானே தூக்கி வெளியில வைக்கிறேன். இது என் வாக்கு!"

பெரிய வாக்கு! ஐயாவுக்கு அவ்வளவு தைரியம் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? லேப்டாப்ல கேமைத் திறந்தா, 'பழைய ஃப்ரேம்வொர்க் வேணும், சேர்க்கட்டுமா?'ன்னு அதுவே கேக்கும். சம்சாரம் எட்டிப் பாக்குறதுக்குள்ள இவர் 'வேணாம்'னு அமுக்கிடுவார். "பாத்தியா, ஓடல!" எரர் வந்ததுக்குப் பல்லைக் காட்டின ஒரே பிறவி இவராத்தான் இருக்கும்.

சம்சாரம் சண்டை போடல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே ஆரம்பிச்சாங்க.

"விடுங்க பாவம். உங்களால முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. என் தம்பி வரான். அரை மணி நேரத்துல ஓட்டிக் காட்டுறானாம்."

"யாரு? காலேஜைப் பாதியில விட்டுட்டு ஊர் சுத்துதே, அந்தத் தறுதலையா?"

"அவனேதான். 'மாமாவுக்கு அடிப்படையே தெரியலக்கா'ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

"சிரிக்கிறானா!"

"எதிர்வீட்டு அக்காவும் வேடிக்கை பாக்க வராங்களாம்."

போதாதா? ஐயா லேப்டாப்பை மடியில இழுத்தார். 'சேர்க்கட்டுமா?'ன்னுச்சு. "சேரு!"ன்னு குத்தினார். சேந்துச்சு. கேம் திறந்துச்சு, ஆனா ஆகாசம் பச்சையா இருந்துச்சு. லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வெச்சார். நிறம் சரியாச்சு. இப்ப படைவீரனெல்லாம் வெந்நி ஊத்தின எறும்பு மாதிரி ஓடுறான். வேகத்தைக் குறைச்சார். சட்டையெல்லாம் வேர்வை. காப்பியைக் கூடத் தொடல. கடைசியில கோட்டைக் கதவு திறந்து எக்காளம் ஊதுச்சு பாருங்க, மனுஷன் துள்ளிக் குதிச்சார்.

"ஓடுது! ஓடுது! எங்கடி உன் தம்பி? வரச் சொல்லு அவனை! எதிர்வீட்டம்மாவையும் கூப்பிடு!"

சம்சாரம் கழுத்துல டேப்போட வந்தாங்க. லேப்டாப்பை ஒரு தரம் பாத்தாங்க.

"அட, ஜோரா ஓடுதே! நீங்க கெட்டிக்காரர்தாங்க."

சொல்லிக்கிட்டே டேப்பை இழுத்து மேஜையை அளக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஐயாவுக்கு அப்பத்தான் உறைச்சுது.

"அது... அது வந்தும்மா, பழைய பெட்டியும் ஒரு ஓரமா..."

"வாக்குக் குடுத்தீங்களே. தூக்குங்க. பாத்து, இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

தூக்கினார். தொப்பை மானிட்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, படி படியா இறங்கினார். பத்தாயிரம் படைவீரன்ல ஒருத்தன் கூடக் கை குடுக்கல. எதிர்வீட்டம்மா மட்டும் கதவைத் திறந்து விட்டாங்க.

அந்தத் தறுதலை நான்தான். ஃப்ரேம்வொர்க்னா திங்கிறதா பூசுறதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அக்கா என்னைச் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். அந்த மேஜையில முதல்ல வெட்டின துணி, இந்தா, நான் போட்டிருக்கிற சட்டை.