ஆல்வின் சக்டனின் ஊர்ப்பேச்சு

“இன்னா ஆல்வின், குந்து” என்றார் பெவிஸ்.

ஆல்வின் சக்டன் உட்கார்ந்தார். லண்டன் வானொலி நிலையம் ஒன்றில் செய்திப் பிரிவின் தலைவரான பெவிஸ், ஒரு பிரபுவின் மகன். போன கோடை வரை பிரபுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது முடியைத் தோள்வரை வளர்த்து, மீன் சந்தைக்காரர்களின் இங்கிலீஷுக்கு மாறியிருந்தார்.

“நீ படிக்கிற நியூஸு ஒரே பேஜாரா கீதாம்பா. ஜனங்க சொல்றாங்க.”

“பேஜாரா? இருபது ஆண்டுகளாக இதே குரலில்தானே ஆறு மணிச் செய்தியை வாசித்து வருகிறேன்?” ஆல்வின் மைக் இல்லாத இடத்திலும் அப்படித்தான் பேசுவார்.

“அதாம்பா மேட்டரு. இஸ்திரி போட்ட பேச்சு இப்ப எவனுக்கும் புடிக்கல. உன் ஊரு ஹாக்ஷாதானே, யார்க்‌ஷர்ல? வர்ற திங்கக்கெயமலேர்ந்து அந்த ஊர்ப்பேச்சுல படி. டூப்பு வுடறான்னு உன் ஊர்லேர்ந்து ஒரே ஒரு போன் வந்தாலும் உன் சீட்ல வேற ஆளு.”

பதினெட்டு வயதில் லண்டனுக்கு வந்தபோது, உச்சரிப்பு வாத்தியார் ஒருவரிடம் மாதக்கணக்கில் கிடந்து, ஊரை வாயிலிருந்து சுத்தமாகத் துடைத்தெறிந்தவர் ஆல்வின். இப்போது அதை எங்கே போய்த் தேடுவது?

முதலில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தேடினார். வந்தது ஊர்ப்பேச்சு அல்ல. பல்வலிக்காரன் மாடு ஓட்டுவதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் அலுவலகத்தின் லிஃப்ட்காரர் ஈனாஸ் நினைவுக்கு வந்தார். ஈனாஸும் யார்க்‌ஷர் ஆள்.

“ஏலே ஈனாஸ், எப்படிலே இருக்க?” என்றார் ஆல்வின், தன்னால் இயன்றவரை.

ஈனாஸ் லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தினார்.

“என்ன சார், கேலி பண்ணுதியளா?”

“இல்லை, இல்லை. நான் உண்மையாகவே...”

“லண்டனுக்கு வந்தா நாங்க மனுசங் கெடையாதோ?”

அரைமணி நேரம் லிஃப்ட் நகரவில்லை. மாலைக்குள் விஷயம் தொழிற்சங்கம் வரை போய், சக்டன் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலைநிறுத்தம் என்று தீர்மானம் வந்தது. ஆல்வின் மன்னிப்புக் கேட்டார். கேட்ட இங்கிலீஷ் அளவுக்கு மீறி அழகாக இருந்ததால், அதுவும் கேலிதான் என்று முடிவு செய்தார்கள். அதன்பின் அவர் ஏழு மாடியும் படியேறினார்.

வெள்ளிக்கிழமை ஹாக்ஷாவுக்கு ரயிலேறினார். அம்மா ஐவியிடம் நாலு நாழிகை பேசிக்கொண்டிருந்தால் நாக்கு தானாகத் திரும்பிவிடும். ஒரே சங்கடம், அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. மகனின் குரல்தான் அவளுடைய ஒரே பெருமை.

ஸ்டேஷனில் போர்ட்டர் பெட்டியை வாங்கிக்கொண்டார். “வருக, திரு. சக்டன். பயணம் இனிதாக அமைந்ததா?”

ஆல்வின் திரும்பி, ஊர்ப்பெயர்ப் பலகையை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

வாசலில் அம்மா நின்றாள். “வாருங்கள் மகனே. தேநீர் அருந்துகிறீர்களா?”

ஒரு காலத்தில் இங்கிலீஷில் நீயும் இருந்தது, நீங்களும் இருந்தது. லண்டன் ‘நீ’யை எப்போதோ தொலைத்துவிட்டது. ஹாக்ஷா தொலைக்கவில்லை. மகனையும் நாயையும் கடவுளையும் அந்த ஊரில் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

“ஏன் அம்மா இப்படிப் பேசுகிறீர்கள்?”

“எல்லாம் உங்களால்தான். நாள்தோறும் ஆறு மணிக்கு நம் தெருவே இங்கு கூடுகிறது. நீங்கள் வாசிக்க வாசிக்க நாங்களும் சொல்லிப் பார்க்கிறோம். இறைச்சிக் கடைக்காரர்கூட, ‘ஈரல் வேண்டுமா, அம்மையீர்?’ என்றுதான் கேட்கிறார்.”

பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டி இருக்கவேண்டிய தட்டில், ஓரம் நறுக்கிய வெள்ளரிக்காய் சாண்ட்விச் இருந்தது. ஆல்வின் அதை வெகுநேரம் பார்த்தார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்டால் இரண்டு செய்தி வாசிப்பாளர்கள் சண்டை போடுவதுபோல் இருந்தது. ஆகவே பேசாமல் சாப்பிட்டார்கள்.

“ஒரு நாடகத்துக்காகத் தேவைப்படுகிறது. நம் பழைய பேச்சில் நாலு வார்த்தை சொல்லுங்களேன்.”

அம்மாவின் முகம் சுருங்கியது. “அந்தப் பட்டிக்காட்டுப் பேச்சா? உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று அதை நாங்கள் மறந்தேவிட்டோம்.”

மதுக்கடையில் கேட்டுப் பார்த்தார். அங்கிருந்த நாலு பேரும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். சக்டன் மகன் ஊரை இளக்காரம் பண்ண வந்திருக்கிறான் என்ற செய்தி, ஆறு மணிச் செய்தியைவிட வேகமாகப் பரவியது.

சனிக்கிழமை அம்மா வெங்காயம் வாங்க அனுப்பினாள். தெருமுனைக் கடைக்குள் கால் வைத்ததும் உள்ளிருந்து ஒரு குரல்:

“ஏலே ஆல்வின்! எப்பம்லே வந்த?”

ஆல்வின் அப்படியே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கூப்பிட்டவர் கரம் தாத். பாகிஸ்தானின் மிர்ப்பூரிலிருந்து துணி மில் வேலைக்கு வந்தவர், இப்போது கடைக்காரர். ஆல்வினுக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆல்வின் ஊரைவிட்டுப் போன வருஷம் அவர் ஊருக்குள் வந்தார். ஆல்வினின் அப்பா கண்மூடும்வரை, மில்லில் கரம் தாதுக்குப் பக்கத்துத் தறி அவருடையது.

“நீங்கள் செய்தி கேட்பதில்லையா?”

“தறிச் சத்தத்துல பாதிக் காது போயிட்டு. ரேடியோ எதுக்குலே? ஒங்கப்பா காதுக்குள்ள வந்து கத்துவாருல்லா, அதாம்லே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆல்வின் அந்த மூட்டையைவிட்டு எழவில்லை.

“சர்ச்சுக்குப் போவலியாலே?”

“இல்லை நண்பரே.”

“நண்பராவது மண்ணாவது! ‘போவலடே’ன்னு சொல்லு. வாய முழுசாத் தொறக்காத, பாதி தொற. மழைக்கு ஒதுங்குன மாதிரி பேசணும்.”

அன்று மாலை ரயிலடியில் கரம் தாதிடம் “வாரேம்டே” என்றபோது, தன் வாயிலிருந்து அப்பா பேசியதுபோல் ஆல்வினுக்குக் கேட்டது.

திங்கள், மாலை ஆறு மணி. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம்யா. சேதி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பவுண்டு மதிப்பு இன்னைக்கும் எறங்கிட்டு. அமைச்சரு ஒண்ணும் பயமில்லங்காரு. நாளைக்கி மழ உண்டு, வெளிய போறவுக கொட எடுத்துக்கிடுங்க.”

கண்ணாடிக்கு அப்பால் பெவிஸ் குதித்தார். செய்தி முடிந்ததும் உள்ளே ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “ஷோக்கா கீதுபா!”

அப்போது கதவைத் திறந்துகொண்டு டெலிபோன் ஆபரேட்டர் டாரீன் வந்தாள். லண்டனைத் தாண்டி எந்த ஊரும் பார்க்காத பெண்.

“சார், ஹாக்ஷாலேர்ந்து போன். ஐவி சக்டன்னு ஒரு அம்மா.”

பெவிஸின் கை ஆல்வினின் தோளிலிருந்து இறங்கியது. “டூப்புன்னுச்சா?”

“ஆமா சார். செம கோவம். அவங்க மகன எங்கன்னு கேக்குறாங்களாம். அவர் சீட்ல எவனோ மாடு மேய்க்கிறவன உக்கார வச்சிட்டீங்களாம். எங்க ஊர்ல ஒருத்தன்கூட இப்படிப் பேசமாட்டான்னு சத்தியம் பண்றாங்களாம்.”

ஆல்வின் மேசைமேலிருந்த தன் மூக்குக்கண்ணாடியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். பெவிஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் காலி நாற்காலியைப் பார்த்தார்.

“அது என்ன, ‘றாங்களாம்’ ‘றாங்களாம்’ங்கிற? நீதானே போன எடுத்த?” என்றார் கடைசியாக.

“எடுத்தேன் சார், ஒரு வார்த்தகூடப் புரியல. லிஃப்ட்கார ஈனாஸக் கூட்டிட்டு வந்துதான் அர்த்தம் கேட்டேன். அவங்க திட்டினது மொத்தமும் அச்சு அசலா இப்ப இவர் வாசிச்ச அதே பேச்சாம்!”