என் பெயரில் ஒரு மோட்டர் நிபுணர்

ஒரு மனிதன் பிரபலமாவதில் தவறில்லை. ஆனால் எதற்காகப் பிரபலமானோம் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஏழு மாதங்கள் நான் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் பேர்போன மோட்டர் நிபுணராக இருந்திருக்கிறேன். ஊரில் இந்தச் செய்தி தெரியாத ஒரே ஆள் நான்தான்.

நான் வரலாற்று ஆசிரியர். எந்த அரசன் எந்தக் குளத்தைக் கட்டினான், எந்த வாய்க்கால் எங்கே போனது என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவேன். பல்பு மாற்றுவதற்காக நான் கதிரையில் ஏறினால் கதிரைதான் உடையும் (பல்பு அப்படியே இருக்கும்). மனைவி ஸிஹானா கலியாணத்துக்கு முன்பு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படித்தவள். வீட்டில் ஏதாவது ஒன்று வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால், நான் எழுந்து யன்னலை மூடுவேன். அவள் எழுந்து திருப்புளியை எடுப்பாள்.

குழப்பம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் தொடங்கியது. கதவுக்குக் கொண்டி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் மேசையைச் சுற்றி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், நீங்க சொன்ன மாதிரியே கெப்பாசிட்டர மாத்தின. இப்ப சும்மா குதிர மாதிரி ஓடுது!"

"நான் எப்ப சொன்ன?" என்றேன்.

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "சேர்ர பணிவப் பாத்தீங்களா?" என்றார்.

பதினேழு வருடங்களாக ஊரே என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறது. அதனால் ஆள்மாறாட்டம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கெப்பாசிட்டர் என்பது மருந்தா, மாட்டுத்தீவனமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கொண்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கண் கலங்கி நின்றார். "சேர், ஒங்கட ஒரு வார்த்தையால எங்கட ஊட்டுக்குத் தண்ணி வந்திரிக்கி" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்னிடம் இறைநேசர்களுக்கு உள்ளதுபோல் ஏதோ கராமத் இருக்கிறது, அது எனக்கே அறிவிக்கப்படவில்லை என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கொஞ்சம் மெதுவாக நடந்துகூடப் பார்த்தேன்.

பிறகு மருதமுனையிலிருந்து ஒரு மீனவர் பை நிறைய இறால் கொடுத்தனுப்பினார். இன்னொருவர் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த வெல்டிங் விசயம் சரிவந்திட்டு சேர்" என்று சொல்லிப் போனார். எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயம். தனியாக உட்கார்ந்து அரசர்களின் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒப்புவித்துப் பார்த்தேன். ஒருவர்கூடத் தவறவில்லை. அப்படியென்றால் வெல்டிங் மட்டும் எப்படி மறந்தது?

ஸிஹானாவிடம் கேட்டேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நீங்க நல்ல மனிசன். அதான் ஆக்கள் கொண்டு வந்து தாறாங்க."

எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சாய்ந்தமருது ரஸீன் காக்கா தன் மகளின் கலியாணக் கார்டைக் கொண்டுவந்தார். ஊருக்கே காக்கா, அண்ணன் முறை; அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, அதில் பழைய மேசை, பழைய ஃபேன், பழைய சைக்கிள் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பவர். அவரை நான் பள்ளிவாசலில் கண்டு சலாம் சொன்னதோடு சரி. "சேர் இல்லாம கலியாணமே இல்ல" என்று சொல்லிப்போனார். ஸிஹானாவின் சொந்தமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸிஹானா வெள்ளனவே எங்கள் மகளை ஸ்கூட்டியில் ஏற்றி, நற்பிட்டிமுனையில் தங்கச்சி வீட்டில் விடப் போயிருந்தாள். அங்கிருந்து நேரே கலியாண வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் வெள்ளைச் சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டர் சைக்கிள் சத்தம். பார்த்தால் மணப்பெண்ணின் வாப்பா ரஸீன் காக்காவேதான், வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

"சேர், மோசம் போயிட்டன். மோட்டர் உறுமுது, தண்ணி இழுக்குதில்ல. மேல தண்ணித் தாங்கி காஞ்சி போச்சு. மூணு கிடாரம் புரியாணி அடுப்பில இரிக்கி. கை கழுவக்கூடத் தண்ணி இல்ல. மாப்பிள்ள ஊட்டாக்கள் லுஹர் தொழுதிட்டு வந்திருவாங்க."

"இன்னாலில்லாஹ்! அதுக்கு நான் என்ன செய்யிற காக்கா?"

"இதென்ன கேள்வி சேர்? நீங்க இரிக்கக்குள்ள நான் வேற ஆரத் தேடிப் போற?"

மாப்பிள்ளை வீட்டாரைப் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்தத்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அது எனக்கு முடியும். ஒரு பாடம் முழுக்கப் பேசுவேன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கலியாண வீட்டின் பின்வளவில், கிணற்றடியில், ஏழெட்டுப் பேர் ஒரு மோட்டரைச் சுற்றி நின்றார்கள். என்னைக் கண்டதும் டொக்டருக்கு வழிவிடுவதுபோல் விலகினார்கள். ஒருவர் கதிரை கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல் ஒரு திருப்புளியை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"காக்கா," என்று மெதுவாகக் கேட்டேன், "நான் மோட்டர் பாப்பன் எண்டு ஆர் சொன்ன?"

ரஸீன் காக்கா சிரித்தார். "போதும் சேர் பகிடி" என்று தன் ஃபோனைக் காட்டினார்.

அது ஒரு வாட்சப் குழு. பெயர் 'கைவேலைக் கூட்டாளிகள்'. இருநூறுக்குக் குறையாத ஆட்கள். ஒருவர் தான் செய்த கோழிக்கூட்டின் படம் போட்டிருந்தார். ஒருவர் உடைந்த கிரைண்டரின் உள்வயிற்றைப் படம் பிடித்திருந்தார். எல்லோருக்கும் ஒருவர் விளக்கமாகப் பதில் எழுதியிருந்தார். அவருடைய பெயர் என் பெயர். அவருடைய படம் என் படம். மூன்று வருடத்துக்கு முந்திய பெருநாளைக்கு எடுத்தது, தொப்பி கொஞ்சம் சரிந்திருக்கும்.

நானே எழுதியதை நான் வாசிக்கிறேன், ஒரு வரிகூட விளங்கவில்லை. கடைசியில் இலக்கத்தைப் பார்த்தேன். அது என்னுடைய பழைய இலக்கம். புது ஃபோன் வாங்கியபோது பழைய ஃபோனைச் சிம்மோடு ஸிஹானாவிடம் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒரு கோல் எடுத்திட்டு வாறன்" என்று குளியலறைக்குப் பின்னால் ஓடினேன்.

"புள்ள, கைவேலைக் கூட்டாளிகள் எண்டா என்ன?"

"கோவிக்காதீங்க," என்றாள். "குரூப் லிங்க் ஒங்கட பழைய நம்பருக்கு வந்த. முதல்ல சும்மா வாசிச்சிட்டுத்தான் இருந்த. மறுகா ரஸீன் காக்கா ஒரு ஆளுக்கு, மோட்டர் உறுமினா எரிஞ்சி போச்சு, புதுசு வாங்குங்க எண்டு பதில் போட்டாரு. அது பிழை. எனக்குப் பொறுக்க ஏலாமப் போச்சு."

"அந்த ரஸீன் காக்காட ஊட்டுக் கிணத்தடிலதான் இப்ப நான் நிக்கன். கையில திருப்புளி."

"அல்லாஹ்வே! மோட்டர் உறுமுதா?"

"ஓம்."

"முதல்ல சுவிச்ச நிப்பாட்டுங்க. பின்னுக்குள்ள மூடிர நடுவில ஓட்ட இரிக்கும். அதுக்குள்ள திருப்புளிய விட்டு அச்ச மெல்லச் சுத்துங்க. அவ்வளவுதான். வேற ஒண்டையும் தொடவேணாம். நான் இப்ப வெளிக்கிட்டு வாறன்."

திரும்பி வந்தேன். சுவிட்ச் வீட்டுக்குள், சமையலறைச் சுவரில் இருந்தது. அதை நிறுத்த ரஸீன் காக்காவை அங்கே அனுப்பினேன். "நான் சொல்லாம ஒருத்தரும் சுவிச்சத் தொடக்கூடாது" என்று வகுப்பறைக் குரலில் உத்தரவிட்டேன். பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்து, திருப்புளியை விட்டுச் சுற்றினேன். முதலில் அசையவில்லை. பிறகு 'கிறீச்' என்று சுழன்றது. சுவிட்சைப் போடச் சொன்னேன். மோட்டர் ஓடியது!

"மாஷா அல்லாஹ்!" என்றார்கள் எல்லோரும்.

இங்கே நான் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் மோட்டர் ஓடுகிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை. "குழாய்க்குள்ள காத்து, எயர் புடிச்சிரிக்கி போல, என்ன சேர்?" என்று ஒருவர் கேட்டார். ஸிஹானாவுக்குக் கோல் எடுத்தேன். ஸ்கூட்டியில் வந்துகொண்டிருப்பாள், எடுக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அந்த மரியாதை தலைக்கேறிவிட்டது. மோட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவரின் ஃபோனை வாங்கினேன். குழுவில் 'எயர்' என்று தேடினேன். நான் எழுதிய நீண்ட பதில் ஒன்று வந்தது: 'மேலே உள்ள சின்ன மூடியைக் கழற்றி, நிறையும் வரைக்கும் தண்ணீர் ஊற்றவும்…' அதற்குக் கீழே நீல எழுத்தில் 'மேலும் வாசிக்க' என்று இருந்தது.

நான் மேலும் வாசிக்கவில்லை. (நாமே எழுதியதை எவ்வளவுதான் வாசிப்பது?)

மூடியைக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டேன். கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி, நிறைய நிறைய ஊற்றினேன். "போடுங்க காக்கா!" என்று கத்தினேன்.

தண்ணீர் வந்தது. தாங்கிக்கு அல்ல. மூடி இருந்த ஓட்டையால் ஆளுயரத்துக்குப் பீறிட்டு வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் முகத்தில்தான் முதல் அடி. நான் பின்னால் விழுந்தேன். தண்ணீர் வேலித் தகரத்துக்கு மேலால் பாய்ந்து, அந்தப் பக்கம் வரிசையாக எரிந்துகொண்டிருந்த மூன்று அடுப்புகளில் போய் விழுந்தது. 'சுஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பின்வளவு முழுக்கப் புகை.

"ஆர்ரா அது!" என்று சமையல்காரர் அகப்பையோடு ஓடி வந்தார். "நெருப்பு நூந்து போச்சு! புரியாணிக்குள்ளயும் தண்ணி!"

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். சமையலறையில் நின்ற ரஸீன் காக்காவோ அதை ஆரவாரம் என்று நினைத்திருக்கிறார். சுவிட்சை நோக்கி ஓடி வந்த பெண்களை இரண்டு கைகளாலும் மறித்து, "சேர் சொல்லாமத் தொட ஏலா!" என்று காவல் நின்றிருக்கிறார். சேர் சொல்ல வேண்டும். சேருக்கு மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இருமல்தான் வருகிறது, சொல் வரவில்லை. பெருவிரலால் ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். தண்ணீர் நாலாபக்கமும் விசிறியடித்து, அதுவரை நனையாமல் நின்றவர்களையும் நனைத்தது.

திடீரென்று மோட்டர் நின்றது. புகைக்குள்ளிருந்து ஸிஹானா வந்தாள். காவல் நின்றவரைத் தாண்டி அவளே சுவிட்சை நிறுத்தியிருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மூடி எங்க?"

"எந்த மூடி?" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் என் சேட்டுப் பையிலிருந்து அதை எடுத்தாள். தன் கைப்பையைத் திறந்து குறடு ஒன்றும் வெள்ளை டேப் ஒன்றும் எடுத்தாள். (பத்து வருடமாக அந்தப் பைக்குள் சீப்பும் பவுடரும் இருப்பதாகவே நான் நம்பியிருந்தேன்.) மறுபடி தண்ணீர் ஊற்றி, டேப் சுற்றி, மூடியை இறுக்கினாள். "இப்ப போடுங்க காக்கா" என்றாள். மேலே தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சமையலறையிலிருந்து வெளியே வந்த ரஸீன் காக்கா ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப… என்ட பதில் பிழையெண்டு குரூப்பில எழுதின…?"

"நான்தான் காக்கா."

"அது பிழையா?"

"இப்பவும் பிழைதான் காக்கா. பாருங்க, ஒங்கட மோட்டர் உறுமிச்சு, எரியல்லத்தானே?"

மகளின் கலியாணம், புகை, நனைந்த அடுப்புகள். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சமையல்காரரின் பக்கம் திரும்பி, "காஞ்ச விறகு கொட்டிலுக்குள்ள இரிக்கி, எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கிடாரம் கஞ்சியாகிவிட்டது. மற்ற இரண்டும் தப்பின. மாப்பிள்ளை வீட்டார் மதியம் லுஹருக்கு வந்து, பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்போதுதான் கூட்டுச் சாப்பாட்டுச் சஹனில் கை வைத்தார்கள். அதுவரை அவர்களைப் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்தியது நான்தான். நனைந்த சேட்டோடு இரண்டு மணித்தியாலம் குளங்களின் வரலாறு சொன்னேன். பாவம், மாப்பிள்ளையின் வாப்பா இடையில் இரண்டு தடவை தூங்கினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியில் அவள் முன்னால், நான் பின்னால்.

"ஏன் புள்ள, ஒன்ட பேரிலயே எழுதி இரிக்கலாமே?"

"எழுதியிருந்தா ஆராவது கேட்டிருப்பாங்களா?" என்றாள்.

அவளுடைய குரலில் கோபம் இல்லை. எனக்கு வந்த இறாலையும் தயிரையும் நினைத்துக்கொண்டேன். மெதுவாக நடந்த அந்த இரண்டு நாளையும் நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவே அவள் குழுவில் என் படத்தை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். அரை நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ரஸீன் காக்கா அவளை அக்கா முறை வைத்து ஒரு குரல் பதிவு போட்டார்: "ராத்தா, ஃபிரிஜ் கொஞ்சம் சத்தம் போடுது, எரிஞ்சி போச்சோ?" அதோடு பழையபடி கேள்விகள் வரத் தொடங்கின.

போன மாதம் ஒருவர் தன் மகனின் கலியாணத்துக்கு அழைக்க வந்தார். உறையில் முதலில் ஸிஹானாவின் பெயர், அதற்குக் கீழே 'சேரும்' என்று எழுதியிருந்தது. "ராத்தா, நீங்க காலையிலயே வந்திருங்க, மோட்டர ஒருக்காப் பாக்கோணும்" என்றார்.

"நானும் காலையிலயே வாறன்" என்றேன், மரியாதைக்காக.

மனிதர் பதறிவிட்டார். "வேணா சேர், வேணா! நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

கதவுக்குப் பின்னால் நின்ற என் மகள் அதைக் கேட்டுவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும், ஃபேன் நின்றாலும், பெருநாளைக்குக் கதவுக்குப் பெயின்ட் அடித்தாலும், நான் எழுந்து ஒரு அடி வைப்பதற்குள் அறைக்குள்ளிருந்து அவள் குரல் வருகிறது:

"வாப்பா, நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்!"